சியோல் சந்தில் ஒரு சாப்பாட்டுக் கடை: சோறு அளவு, தொடுகறி தாராளம்

கொரியாவுக்கு வேலையாகவோ சுற்றிப் பார்க்கவோ போகிற நம்மூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சியோலில் இறங்கியதும் இட்டேவான் பக்கம் ஓடி இந்திய ஓட்டல் தேடாதீர்கள். அங்கே ஒருவர் நான் ரொட்டியும் பட்டர் சிக்கனும் சாப்பிடுகிற காசில், உள்ளூர்ச் சந்தில் கிட்டத்தட்ட இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடலாம். உள்ளூர்க் கடை என்றதும் மேசை நடுவில் நெருப்பை வைத்து இறைச்சி சுடுகிற கடைதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. வீடியோக்கள் செய்த வேலை. நான் சொல்வது பேக்பன் கடை. வெள்ளைச் சோறு, கொதிக்கக் கொதிக்க ஒரு குழம்பு, சுற்றிலும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் தொடுகறிகள். அங்குள்ள ஆபீஸ்காரர்கள் மத்தியானம் சாப்பிடுகிற சாதாரணச் சாப்பாடு.

எனக்கு வேலை கிருஷ்ணகிரியில், மாங்கூழ் ஆலையில் தரக்கட்டுப்பாடு. சீசனில் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. பெங்களூரா மாங்காய் லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும். எல்லாம் ஓய்ந்து, டிரம்கள் கிடங்கில் அடங்கிய பிறகுதான் வாங்குகிறவர்களைப் போய்ப் பார்ப்பது வழக்கம். அப்படித்தான் நவம்பர் தொடக்கத்தில் சியோல் பக்கம் ஒரு பானக் கம்பெனிக்குப் போனோம். கூட வந்தவர் எங்கள் விற்பனைப் பிரிவுக்காரர், சொந்த ஊர் காரிமங்கலம். திரும்பியதும் கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போடுகிறவர் என்பதால் அப்போதே கறி, மீன், முட்டை மூன்றையும் விட்டிருந்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சுத்த சைவக்காரர் ஒருவரும் எதையும் தின்கிற நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து பார்த்த கடை இது. இரண்டு பேர் போட்ட மார்க்கும் வேறு வேறு.

கடை இருப்பது ஜோங்னோ 3-கா மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில். இசைக்கருவிகள் விற்கிற நாக்வான் வணிக வளாகம் ஒன்று இருக்கிறது, அதன் பின்னால் உள்ள சந்து. பக்கத்தில் டாப்கோல் பூங்கா. பூங்காவுக்கு வருகிற தாத்தாக்கள்தான் அந்தச் சந்துகளின் நிரந்தர வாடிக்கை. வயதானவர்கள் தினமும் சாப்பிடுகிற இடத்தில் விலை சட்டென்று ஏறாது; இது எந்த ஊருக்கும் பொருந்தும். கூகுள் மேப் நாங்கள் போனபோது நடக்கிற வழியைச் சொல்லவில்லை. நேவர் மேப் போட்டுக்கொண்டோம், அது சந்து வரைக்கும் சரியாகக் கொண்டுவிட்டது.

கடைப் பெயரைப் போடவில்லை. எட்டு மேசைக் கடை, இதே மாதிரி அந்தப் பக்கம் இன்னும் பல இருக்கின்றன. பெயரை வைத்துத் தேடுவதைவிட அடையாளம் தெரிந்துகொண்டால் பூசானுக்குப் போனாலும் பயன்படும். சுவரில் நாலைந்து பண்டம்தான் எழுதியிருக்க வேண்டும், படம் இருக்கக் கூடாது. பன்னிரண்டு மணிக்குக் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஆட்கள் கூட்டமாக வர வேண்டும். கூட்டம் கலைந்த பிறகு கடைக்கார அம்மா காலி மேசையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தால் அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடலாம்.

நான் முதலில் பார்த்தது சுவரில் ஒட்டியிருந்த ஒரு பலகையை. தொழில் புத்தி, என்ன செய்வது. கொரியாவில் ஓட்டல்காரர்கள் அரிசி, கிம்ச்சி (உப்பும் மிளகாயும் போட்டுப் புளிக்க வைக்கிற காய்) செய்கிற முட்டைக்கோஸ், மிளகாய்த்தூள், இறைச்சி, மீன் இவையெல்லாம் எந்த நாட்டுச் சரக்கு என்று வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எழுதி வைத்தாக வேண்டும், அது சட்டம். போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து பலகையைக் காட்டினேன். அரிசி உள்நாடு, முட்டைக்கோஸ் உள்நாடு, மிளகாய்த்தூள் சீனா, கானாங்கெளுத்தி நார்வே. இதைப் பார்த்ததும் எனக்குக் கடை மேல் மரியாதை வந்துவிட்டது. அங்கே ஓட்டல்களில் போடுகிற கிம்ச்சியில் நிறைய சீனாவிலிருந்து தயாராகவே வந்து இறங்குகிறது, விலை குறைவு. இந்த அம்மா கிம்ச்சியைத் தானே போடுகிறார், மிளகாய்த்தூளில் மட்டும் காசு மிச்சம் பிடிக்கிறார், அதையும் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார். எங்கள் தணிக்கைக்கு வருகிறவர்கள்கூட இவ்வளவு நேர்மையான ஒரு காகிதத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

2017-லிருந்து அங்கே ஓட்டல்களுக்குச் சுகாதாரத் தரச் சான்று கொடுக்கிறார்கள், மூன்று படிநிலைகள். அந்தச் சான்று இந்தக் கடையில் இல்லை. பெரிய கடைகள் வாங்கி மாட்டிக்கொள்கின்றன. நான் மேசைக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், பிசுபிசுப்பு இல்லை. எனக்கு அது போதும்.

உள்ளே பாதி இடத்தில் மேசை நாற்காலி, பாதி இடத்தில் தரையில் உட்காருகிற தாழ்ந்த மேசைகள். வெளியே குளிர் காதைக் கடித்தது. கிருஷ்ணகிரி மார்கழியைப் பார்த்தவன் என்கிற திமிர் எல்லாம் மெட்ரோ படியேறியதுமே போய்விட்டது. தரையில்தான் உட்கார்ந்தோம். அங்கே தரைக்கு அடியிலேயே சூடு ஏற்றுகிறார்கள், ஒண்டோல் என்று பெயர். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் எழுந்திருக்க மனசே வரவில்லை. முட்டி வலிக்காரர்கள் நாற்காலிப் பக்கம் போய்விடுங்கள், எழும்போது கை கொடுக்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

மேசையில் ஸ்பூனும் இல்லை, சாப்ஸ்டிக்கும் இல்லை. விழித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசைத் தாத்தா எங்களைப் பார்த்துவிட்டு, தன் மேசையின் ஓரத்தைத் தட்டிக் காட்டினார். மேசைக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன இழுப்பறை. இழுத்தால் உள்ளே நீளக் காம்பு ஸ்பூன்களும் எவர்சில்வர் சாப்ஸ்டிக்குகளும் அடுக்கியிருந்தன. தண்ணீரும் நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் என்றால் வெறும் தண்ணீர் இல்லை, வறுத்த பார்லி போட்டுக் கொதிக்க வைத்தது. அந்த எவர்சில்வர் சாப்ஸ்டிக் தட்டையாக இருக்கும், வழுக்கும். மரத்தில் பழகியவர்களுக்கே சிரமம் என்றார்கள். நான் ஸ்பூனுக்கு மாறிவிட்டேன். கொரியர்களே சோற்றையும் குழம்பையும் ஸ்பூனில்தான் சாப்பிடுகிறார்கள், அதனால் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கிண்ணத்தைக் கையில் தூக்கி வாயருகே கொண்டுபோகக் கூடாது, ஸ்பூனைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைக்கக் கூடாது. பின்னது செத்தவர்களுக்குப் படையல் வைக்கிற முறை. என் கூட வந்தவர் இது எதற்கும் கவலைப்படாமல் கையால் பிசைந்து சாப்பிட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லாமலே தொடுகறிகள் வந்து இறங்கின. பசலைக்கீரையை வேகவைத்துப் பிழிந்து நல்லெண்ணெயில் பிரட்டியது, சோயா முளை, சோயா சாஸில் கொதித்து இனித்த உருளைக்கிழங்கு, நெத்திலி வறுவல், மீன்மாவுத் துண்டுகள், சுருட்டிய முட்டை, முட்டைக்கோஸ் கிம்ச்சி, முள்ளங்கிக் கிம்ச்சி, கடல்பாசித் தாள். இதற்கெல்லாம் தனியாகக் காசு கிடையாது. கிண்ணம் காலியானால் “தோ ஜுசேயோ” என்றால் மறுபடி வரும். நான் நெத்திலியை மூன்றாவது தடவை கேட்டபோது அந்த அம்மா ஒரு பெரிய கிண்ணமாகவே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார், இனிமேல் கூப்பிடாதே என்கிற முகத்தோடு.

ஆனால் சோறு அளவுதான். எவர்சில்வர் கிண்ணத்தில் மூடி போட்டு வரும், தொட்டால் கை சுடும். இன்னொரு கிண்ணம் வேண்டுமென்றால் ஆயிரம் வான் (கொரிய நாணயம்). நம்மூர் பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸில் சோற்றை எத்தனை தடவை கேட்டாலும் கொட்டுவார்கள், பொரியலைத்தான் கரண்டி நுனியில் தொட்டு வைப்பார்கள். இங்கே நேர் எதிர். இது எனக்குப் புரியாமல் கம்பெனிக்காரர் ஒருவரிடம் கேட்டேன். அரிசித் தட்டுப்பாடு இருந்த காலத்தில், 1976-ல், சியோல் நகர நிர்வாகம் ஓட்டல் சோற்றுக் கிண்ணத்துக்கே அளவு போட்டுவிட்டதாம்: எவர்சில்வரில்தான் இருக்க வேண்டும், வாய் அகலம் 10.5 சென்டிமீட்டர், உயரம் 6 சென்டிமீட்டர், அதிலும் ஐந்தில் நாலு பங்குதான் நிரப்ப வேண்டும். தட்டுப்பாடு எப்போதோ போய்விட்டது, கிண்ணம் மட்டும் ஏறக்குறைய அதே அச்சில் நாடு முழுக்க நின்றுவிட்டது. நம்மைப் போல மலையாகச் சோறு போட்டுப் பள்ளம் பறித்துக் குழம்பு ஊற்றுகிறவர்கள் மனதைத் தயார்படுத்திக்கொண்டு போங்கள். கறியை நிறைய எடுத்துச் சோற்றைக் கொஞ்சமாக எடுத்தால் கணக்கு சரியாகிவிடும். இப்படிச் சாப்பிட்டுவிட்டு மத்தியானக் கூட்டத்தில் எனக்குக் கொட்டாவி வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இவ்வளவு கிண்ணமா, மிச்சத்தை என்ன செய்வார்கள் என்று சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. ஒருவர் மேசையில் வைத்த தொடுகறியை அடுத்தவருக்கு வைப்பதற்கு அங்கே 2009 முதல் சட்டப்படி தடை. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து சமையலறை வாசல் தெரிந்தது. மிச்சமெல்லாம் ஒரே வாளியில் கொட்டப்பட்டதைக் கண்ணால் பார்த்தேன்.

இப்போது கிம்ச்சி. ஓர் எச்சரிக்கை, இந்த இடத்தில் நான் கொஞ்சம் நீட்டுவேன்.

முட்டைக்கோஸ் கிம்ச்சியைக் கடித்ததும் முதலில் காரம் வரவில்லை. நாக்கின் ஓரத்தில் சோடா குடித்த மாதிரி ஒரு கூச்சம் வந்தது, அதற்குப் பின்னால் புளிப்பு, கடைசியில்தான் மிளகாய். நிறத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், அவர்கள் மிளகாய்த்தூள் சிவப்பைக் கொடுக்கிற அளவுக்குக் காரத்தைக் கொடுக்காது. அந்தக் கூச்சம் எதனால் என்று எனக்குத் தெரியும். கிம்ச்சியில் முதலில் வேலையைத் தொடங்குவது லூக்கோனோஸ்டாக் என்கிற பாக்டீரியா. அது அமிலத்தோடு கரியமில வாயுவையும் விடும். பிறகு லாக்டோபாசிலஸ் வகைகள் வந்து புளிப்பை ஏற்றும். பதமாகப் பழுத்த கிம்ச்சியின் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு ஏறும்) சுமார் 4.2-லிருந்து 4.5-க்குள் இருக்கும். அதற்கும் கீழே போனால் பச்சையாகத் தின்ன முடியாத புளிப்பு; அதைக் குழம்பில் போட்டுவிடுவார்கள். எங்கள் ஆலையில் இருநூறு கிலோ டிரம்முக்குள் இருக்கிற பை லேசாக உப்பியிருந்தால் போதும், எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. உள்ளே ஏதோ ஒன்று உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், அந்தச் சரக்கு போச்சு. பதினைந்து வருஷமாக இந்த வாயுவை விரட்டுவதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். அதே வாயுவைச் சரியான நாளில் நிறுத்தி, கிண்ணத்தில் போட்டு, காசு வாங்காமல் கொடுக்கிறார் இந்த அம்மா. கையில் மீட்டரும் இல்லை, ஆய்வகமும் இல்லை. கிம்ச்சிக்கென்றே தனி ஃபிரிட்ஜ் மட்டும் ஒன்று மூலையில் நின்றது.

நாங்கள் போன சமயம் கிம்ச்சி போடுகிற பருவம். நவம்பரில் குளிர் இறங்கியதும் குளிர்காலம் முழுவதற்கும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள், கிம்ஜாங் என்று பெயர். யுனெஸ்கோ 2013-ல் இதைத் தன் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. கடை வாசலில் முட்டைக்கோஸ் குவியல் இடுப்பளவு நின்றது, பக்கத்தில் நீல பிளாஸ்டிக் தொட்டிகளில் பாதியாகப் பிளந்தவை உப்புத் தண்ணீரில் ஊறின. நமக்குத் தெரிந்த உருண்டைக் கோஸ் இல்லை, நீளமாக, இலை தளர்வாக இருக்கும் ரகம். சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர் சிவப்புக் கையுறை போட்டுக்கொண்டு முள்ளங்கியைச் சீவிக்கொண்டிருந்தார்கள். பேச்சும் சிரிப்பும் சந்து முனை வரை கேட்டது.

பிரதான குழம்பு தோயன்ஜாங் ஜிகே. சோயாவை வேகவைத்து இடித்துக் கட்டி பிடித்து, புளிக்க வைத்து, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற விழுதில் செய்தது. கறுப்பு மண்சட்டியில் வரும்; மேசைக்கு வந்து மூன்று நான்கு நிமிடம் ஆகியும் கொதி அடங்கவில்லை. உள்ளே சுரைக்காய் மாதிரி ஒரு காய், டோஃபு என்கிற சோயாப் பால் கட்டி, பச்சை மிளகாய். வாசனை முதலில் மூக்கைச் சுளிக்க வைக்கும், மறைக்க விரும்பவில்லை. இரண்டாவது ஸ்பூனில் பழகிவிடும். நான் கூடவே கானாங்கெளுத்தியும் கேட்டிருந்தேன். தோல் மொறுமொறுவென்று, உள்ளே எண்ணெய் வழிய அருமையாகச் சுட்டிருந்தார்கள். ஆனால் உப்பு தூக்கல், மிகவும் தூக்கல். சோறு குறைவாக இருக்கிற ஊரில் மீனில் இவ்வளவு உப்பு போடுவது என்ன நியாயம் என்று தெரியவில்லை.

காரிமங்கலத்துக்காரர் கதைக்கு வருகிறேன். “ண்ணா, இதுல எதெதுல உசுரு போட்டிருக்காங்கன்னு கேளுங்க” என்றார். இறைச்சி, மீன், முட்டை வேண்டாம் என்று ஆங்கிலத்தில் அடித்து மொழிமாற்றிப் போனை நீட்டினேன். அந்த அம்மாவை எல்லோரும் “இமோ” என்று கூப்பிட்டார்கள், நம் சித்தி முறை. இமோ போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். நெத்திலியை எடுத்தார். முட்டையை எடுத்தார். மீன்மாவை எடுத்தார். பிறகு இரண்டு கிம்ச்சிக் கிண்ணத்தையும் எடுத்தார், ஏனென்றால் அதில் உப்பில் ஊறிப் புளித்த இறாலும் மீன் சாறும் உண்டு. மண்சட்டியைக் காட்டி இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துப் பெருக்கல் குறி போட்டார்: குழம்பின் தண்ணீரே நெத்திலி போட்டுக் காய்ச்சியது. மேசையில் மிஞ்சியது கீரை, முளை, உருளைக்கிழங்கு, பாசித் தாள். என் நண்பர் முகம் போன போக்கைப் பார்த்து உள்ளே போய் டோஃபுவை எண்ணெயில் பொன்னிறமாக வாட்டி, மேலே சோயா சாஸ் ஊற்றிக் கொண்டுவந்தார். அதற்கும் காசு போடவில்லை. சட்டி அடியில் பிடித்த சோற்றில் வெந்நீர் ஊற்றிய கஞ்சியும் ஒரு கிண்ணம் கொடுத்தார். நண்பருக்கு அதுதான் பிடித்தது.

அப்புறம் அவர் பையிலிருந்து புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்தார். வேண்டாம் என்றேன், அதற்குள் சோற்றில் ஊற்றிவிட்டார். இமோ வந்து பாட்டிலை மோந்து பார்த்தார், தலையை ஆட்டினார், கேட்காமலேயே இன்னொரு கிண்ணம் சோறு கொண்டுவந்து வைத்தார். அதை பில்லில் மறக்காமல் சேர்த்திருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, சோறுதான் அங்கே சரக்கு.

கீரையிலும் முளையிலும்கூடச் சில கடைகளில் மீன் சாறு இரண்டு சொட்டு விடுவார்கள். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. மாலையைக் கழற்றிய பிறகு இதைப் படித்தால் போதும். கண்டிப்பான சைவக்காரர்களுக்குப் பேக்பன் கடை சரிப்படாது, நடக்கிற தூரத்தில் இருக்கும் இன்சாதோங் பக்கம் புத்த மடச் சமையல் உணவகங்கள் உண்டு. இறைச்சி, மீன் மட்டுமல்ல, பூண்டு வெங்காயம்கூட இல்லாத சமையல். விலைதான் கூடுதல்.

என் மார்க் ஐந்துக்கு நாலு. ஒன்று உப்பு மீனுக்கும், அலறிக்கொண்டே இருந்த டிவிக்கும் போச்சு. நண்பர் இரண்டுதான் கொடுத்தார், அதிலும் ஒன்றரை கஞ்சிக்கு. கழிப்பறை கடைக்குள் இல்லை, கட்டிடத்தின் மாடிப்படிக்குக் கீழே. கல்லாவில் சாவி வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

ஒரு சாப்பாடு 9,000 வான், நம் காசில் சுமார் 550 ரூபாய். மீனுக்குத் தனி விலை. பில் மேசைக்கு வராது, போகும்போது கல்லாவில் கொடுக்க வேண்டும். டிப்ஸ் பழக்கமே இல்லை, மீதியை விட்டுவிட்டு வந்தால் ஓடிவந்து கையில் திணிப்பார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் சின்ன காபி மெஷின் இருக்கும், பட்டனை அமுக்கினால் காகிதக் கப்பில் பால்காபி, இலவசம், சர்க்கரை நம் டீக்கடை அளவுக்கு.

தனியாகப் போகிறவர்களுக்கு மட்டும் இன்னொன்று. முந்தின நாள் ராத்திரி நான் மட்டும் ஒரு இறைச்சி சுடும் கடைக்குப் போயிருந்தேன். வாசலிலேயே இரண்டு விரலைக் காட்டினார்கள்: குறைந்தது இரண்டு ஆள் பங்கு வாங்கினால்தான் உட்காரலாம். பசியோடு திரும்பினேன். பேக்பன் கடையில் அந்தக் கட்டாயம் இல்லை, ஒரு ஆளுக்கும் போடுவார்கள். ஆனால் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை போகாதீர்கள். நாலு பேர் மேசையை ஒற்றை ஆளுக்கு விட எந்தக் கடைக்காரருக்கும் அந்த நேரத்தில் மனசு வராது. ஒன்றேகாலுக்குப் போங்கள், நிறையக் கடைகள் மூன்று மணிக்கு அடைத்துவிட்டு ஐந்துக்குத்தான் திறக்கும்.